பயாஸ் அழிந்த மதர்போர்டைக் குப்பையில் போடச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரங்கூனிலிருந்து உங்கள் நாளிதழின் இணையப் பதிப்பைப் படித்துவரும் வாசகி நான். காளியம்மன் கோயில் இருக்கும் அனவ்ரதா சாலையை ஒட்டிய ஒரு தெருவில் கணினி பழுது பார்க்கும் கடை நடத்துகிறேன். கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தல் குறித்து உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையில், புதுப்பிக்கும் நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டால் கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டு நிரந்தரமாகப் பழுதாகிவிடும், புதியது வாங்குவதைத் தவிர வழியில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம். அது உண்மையல்ல. தமிழில் அச்சாகி வருவதை இங்குள்ள எங்கள் மக்கள் அப்படியே நம்புகிறார்கள். அந்த வாக்கியம் எத்தனை நல்ல போர்டுகளைக் காயலான் கடைக்கு அனுப்பிவைக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ரங்கூனில் மின்சாரம் முறைவைத்து வருகிறது. எந்த வட்டாரத்துக்கு எப்போது என்று அட்டவணை உண்டு. ஆனால் அதை நம்பி யாரும் நீண்ட வேலை எதையும் தொடங்குவதில்லை. மின்சாரம் இருக்கும் நேரத்திலும் அழுத்தம் ஏறி இறங்கும். எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் அரிசிப் பானையைச் செருகும் மாலைப் பொழுதில் விளக்கு மங்கிப் போகும். 2021-க்குப் பிறகு எங்கள் நாட்டுப் பணமான கியாட்டின் மதிப்பு பெரிதும் சரிந்திருக்கிறது. கணினிப் பொருள்கள் எல்லாமே வெளிநாட்டிலிருந்து வருபவை. விலை டாலரோடு சேர்ந்து ஏறுகிறது. இப்படிப்பட்ட ஊரில் "புதிதாக வாங்குங்கள்" என்று சொல்வது, பல குடும்பங்களுக்கு "கணினியே வேண்டாம்" என்று சொல்வதற்குச் சமம்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தேநீர்க்கடையில் வேலை செய்யும் ஒருவரின் மகன், கல்லூரி வயதுப் பையன், திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறான். அவனிடம் இருந்தது பி 450 வகை மதர்போர்டு. பழைய பிராசசரை மாற்றிவிட்டு ரைசன் 5 5600 போட வேண்டும் என்று கையில் பணம் சேர்த்துப் பழையதாக ஒன்று வாங்கினான். அந்தப் பிராசசர் 2022-இல் வந்தது. போர்டு அதற்கு முந்தையது. பயாஸைப் புதுப்பிக்காமல் அந்தப் போர்டு அந்தப் பிராசசரை அடையாளம் காணாது. ஆகவே அவன் செய்தது தேவையான வேலை. சரியான கோப்பைத்தான் எடுத்தான். சரியான முறையில்தான் தொடங்கினான். நடுவில் மின்சாரம் போனது. வீட்டில் இன்வர்ட்டர் இருந்தும் கணினி அணைந்துவிட்டது. மறுபடி போட்டபோது விசிறி சுற்றியது. திரையில் ஒன்றும் இல்லை. விசைப்பலகையின் விளக்குகூட எரியவில்லை.

அவன் அம்மா அந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு வேறு இரண்டு கடைகளுக்குப் போய்விட்டுத்தான் என்னிடம் வந்தார். இரண்டு கடையிலும் ஒரே பதில்: போர்டு செத்துவிட்டது. "தங்கச்சி, நீயும் அப்படியே சொல்வாயானால் இதை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன், வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை" என்றார். மறுநாள் அந்தக் கணினி வேலை செய்தது. ஒரு பாகமும் புதிதாகப் போடவில்லை.

இதில் மாயம் எதுவும் கிடையாது. மதர்போர்டில் நகத்தின் அளவுக்கு ஒரு சிப் இருக்கிறது. பெரும்பாலும் எட்டுக் கால்கள். மேலே விண்பாண்ட், மேக்ரானிக்ஸ், கிகாடிவைஸ் என்று ஏதாவது ஒரு பெயர் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். 8, 16 அல்லது 32 மெகாபைட் கொள்ளளவு. கணினி உயிர்பெற்றதும் பிராசசர் படிக்கும் முதல் கட்டளைகள் இந்தச் சிப்பில்தான் இருக்கின்றன. ஃபிளாஷ் வகை நினைவகம் என்பதால் இதில் பழைய எழுத்தின் மேல் அப்படியே புதியதை எழுத முடியாது. முதலில் ஒரு பகுதியை முழுவதுமாக அழிக்க வேண்டும். அழித்தால் அந்தப் பகுதியிலுள்ள எல்லா இலக்கமும் 1 ஆகிவிடும். பிறகுதான் தேவையான இடங்களில் 0 எழுதலாம். மிகச் சிறிய பகுதியே 4 கிலோபைட். புதுப்பிக்கும் மென்பொருள் செய்வது இதைத்தான்: அழிக்கும், எழுதும், அடுத்த பகுதிக்குப் போகும். அழித்ததற்கும் எழுதி முடித்ததற்கும் இடையில் மின்சாரம் நின்றால் அந்தப் பகுதி வெறுமையாக நிற்கிறது. பிராசசர் அங்கே கட்டளையைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, நின்றுவிடுகிறது.

பழுது அவ்வளவுதான். போர்டின் மின் ஒழுங்குப் பகுதி கருகவில்லை, சிப்செட் எரியவில்லை, ஒரு பாதையும் அறுந்துபோகவில்லை. அந்தச் சிப்கூடக் கெடவில்லை. அதற்குள் எழுதியிருந்தது மட்டுமே போய்விட்டது. இவ்வகைச் சிப்புகளை ஒரு லட்சம் முறை அழித்து எழுதலாம் என்று தயாரிப்பாளர்களின் விவரக் குறிப்பே சொல்கிறது. ஏடு எரிந்துபோகவில்லை, எழுத்துதான் அழிந்திருக்கிறது. மறுபடி எழுதினால் தீர்ந்தது.

உலகம் இதை ஏற்கெனவே பெரிய அளவில் பார்த்தும் இருக்கிறது. 1998-இல் தைவானில் எழுதப்பட்ட சி.ஐ.எச். என்ற வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று ஆசியாவெங்கும் பல கணினிகளின் பயாஸை அழித்தது. தென் கொரியாவிலும் துருக்கியிலும் பெரும் சேதம். அன்றும் சிப்பில் மறுபடி எழுதியும் சிப்பை மாற்றியும் அந்தப் போர்டுகளை மீட்டார்கள். அப்போது பல போர்டுகளில் பயாஸ் சிப் கழற்றி மாட்டும் சாக்கெட்டில் இருந்தது, வேலை சுலபம். இன்று பெரும்பாலானவற்றில் சிப்பை நேரடியாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். வேலை சற்றுக் கடினமாகியிருக்கிறது, அவ்வளவே.

இன்வர்ட்டர் இருந்தும் அந்தப் பையனின் கணினி ஏன் அணைந்தது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இந்த ஒரு விஷயத்தில் ஏமாறுபவர்களே அதிகம்; தமிழ்நாட்டிலும் பல வீடுகளில் இன்வர்ட்டர் இருக்கிறது. மின்சாரம் நின்றதும் இன்வர்ட்டர் பேட்டரிக்கு மாறுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் அது ஒரு பொருட்டல்ல. ஆனால் கணினியின் பவர் சப்ளை, வெளியிலிருந்து மின்சாரம் வராமல் தாக்குப்பிடிக்க வேண்டிய நேரம் என்று, கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் தர வரையறை கேட்பது ஏறக்குறைய 16, 17 மில்லி வினாடிதான். மலிவான பவர் சப்ளைகள் பல அதையும் எட்டுவதில்லை. இன்வர்ட்டர் மாறிக்கொள்ள அதைவிட அதிக நேரம் எடுத்தால் கணினி அணைந்துவிடும். பல வீட்டு இன்வர்ட்டர்களின் பின்புறம் அல்லது முன்புறம் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யூபிஎஸ் என்றும் மறுபக்கம் சாதாரணம் அல்லது ஈகோ என்றும் போட்டிருக்கும். யூபிஎஸ் பக்கம் வைத்தால் மாறும் நேரம் குறையும். பெரும்பாலோர் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை.

நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது இதுதான். பேட்டரி முழுவதும் ஏறிய பிறகு, மின்சாரம் இருக்கும்போதே மெயின் சப்ளையை நீங்களே அணைத்துவிடுங்கள். வீட்டின் மற்றச் சாதனங்களையும் அணையுங்கள். கணினி தொடக்கத்திலிருந்தே பேட்டரியில் ஓடட்டும். அதன் பிறகு பயாஸைப் புதுப்பியுங்கள். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெளியே மின்சாரம் போகலாம், வரலாம், அழுத்தம் குதிக்கலாம். உங்கள் கணினிக்கு எதுவும் தெரியப் போவதில்லை. மடிக்கணினியாக இருந்தால் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.

புதுப்பித்து முடிந்ததும் கணினி தானாக மறுபடி தொடங்கும்போது திரை நெடுநேரம் கறுப்பாகவே இருக்கலாம். குறிப்பாக டிடிஆர் 5 நினைவகம் உள்ள புதிய போர்டுகள் நினைவகத்தோடு பழகிக்கொள்ளப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அந்த இருட்டைப் பார்த்துப் பயந்து பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பவர்கள் நிறையப் பேர். பொறுத்திருந்தால் தானாக வரவேண்டிய கணினி அந்தப் பதற்றத்தில் கெட்டுப்போகும்.

சரி, கெட்டுத்தான் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே சிப்பைத் தொடாதீர்கள். முதலில் பவர் கம்பியைக் கழற்றிவிட்டு, நாணயம் போல் இருக்கும் சிஆர் 2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்துவைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். அமைப்புகள் குழம்பியிருந்தால் இதிலேயே சரியாகிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் போர்டின் பின்பக்கம் யூஎஸ்பி துளைகளை நன்றாகப் பாருங்கள். சில போர்டுகளில் ஒரு துளையைச் சுற்றிக் கோடு போட்டிருக்கும். பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். ஏசஸ் இதை பயாஸ் ஃபிளாஷ்பேக் என்கிறது, கிகாபைட் க்யூ-ஃபிளாஷ் பிளஸ் என்கிறது, எம்எஸ்ஐ ஃபிளாஷ் பயாஸ் பட்டன் என்கிறது. ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில், அந்தந்தக் கம்பெனி கேட்கும் பெயரில் பயாஸ் கோப்பைப் போட்டு அந்தத் துளையில் செருகி, பொத்தானை அழுத்தினால் போதும். பிராசசர் வேண்டியதில்லை, ரேம் வேண்டியதில்லை. பவர் சப்ளை மட்டும் இணைந்திருக்க வேண்டும். போர்டிலேயே இருக்கும் ஒரு சிறிய கட்டுப்பாட்டுச் சிப் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இந்தப் பொத்தான் தங்கள் போர்டில் இருப்பது தெரியாமலேயே புதிய போர்டு வாங்கியவர்களை நான் அறிவேன்.

மடிக்கணினிகளில் பலவற்றுக்கும் இப்படி ஒரு மறைவழி உண்டு. எச்பி மடிக்கணினிகளில் விண்டோஸ் விசையையும் பி (B) விசையையும் சேர்த்துப் பிடித்தபடி பவர் பொத்தானை அழுத்துவது; டெல் கணினிகளில் கண்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுப்பது. எல்லா மாடலிலும் இருக்காது. பழைய மாடல்களில் வேறுபடும். ஆனாலும் முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதுதான். பழைய கிகாபைட் போர்டுகள் பலவற்றில் இரண்டு பயாஸ் சிப்புகள் இருக்கும். ஒன்று அழிந்தால் மற்றொன்றிலிருந்து தானே மீண்டுகொள்ளும்.

இவை எதுவும் பலிக்காத போர்டுகளுக்குத்தான் சிப்பில் நேரடியாக எழுதும் வழி. அந்தப் பையனின் போர்டில் பொத்தான் இல்லை. விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் இருப்பதில்லை. அதற்குத் தேவையான கருவி சி.எச். 341 ஏ என்ற சிப்பை வைத்துச் செய்த ஒரு சிறிய யூஎஸ்பி புரோகிராமர். கூடவே எட்டுக் கால்களையும் கவ்விப் பிடிக்கும் கிளிப் ஒன்று. என்னுடையதைச் சென்னையிலிருந்து வந்த உறவினர் ரிச்சி தெருவில் வாங்கிவந்து கொடுத்தார். சில நூறு ரூபாய்தான். அவருடைய குடும்பம் 1960-களில் இங்கிருந்து கப்பலேறிப் போனது. அப்படிப் போனவர்களுக்காக 1969-இல் உருவானதுதான் சென்னையின் பர்மா பஜார். அங்கே கடை போட்டவர்கள் மின்னணுப் பொருள் வியாபாரத்தில் பெயர் பெற்றார்கள். இன்று அதே ஊரிலிருந்து எங்களுக்குக் கருவி வருகிறது என்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

இந்தக் கருவியைப் பற்றி எச்சரிக்கை ஒன்று சொல்லாமல் விட மாட்டேன். கடைகளில் கிடைக்கும் கறுப்பு நிற சி.எச். 341 ஏ பலகைகளில் பல, சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் தகவல் போகும் கம்பிகளில் 5 வோல்ட் விடுகின்றன. 3.3 வோல்ட் சிப்புகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தாங்கும் என்று விட்டுவிடுவது சரியல்ல. வோல்ட் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். மேலும், எல்லாச் சிப்பும் 3.3 வோல்ட் அல்ல. பல மடிக்கணினிகளிலும் சில புதிய போர்டுகளிலும் 1.8 வோல்ட் சிப்புகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனி அடாப்டர் வேண்டும். சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். மேக்ரானிக்ஸ் சிப்பில் 25 எல் என்றிருந்தால் 3.3 வோல்ட், 25 யூ என்றிருந்தால் 1.8. கிகாடிவைஸ் சிப்பில் 25 க்யூ என்றால் 3.3, 25 எல்க்யூ என்றால் 1.8. இந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் அவசரப்பட்டால், மீட்க வந்த சிப்பை நாமே உண்மையாகவே கொன்றுவிடுவோம்.

பவர் சப்ளையைக் கழற்ற வேண்டும், நாணய பேட்டரியையும் எடுக்க வேண்டும். மடிக்கணினியானால் உள்ளே இருக்கும் பெரிய பேட்டரியின் இணைப்பையும் விடுவிக்க வேண்டும். சிப்பின் ஒரு மூலையில் சிறு புள்ளி இருக்கும். அதுதான் முதல் கால். கிளிப்பின் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம் வர வேண்டும். கிளிப்பை மாட்டியதும் எழுதத் தொடங்கக் கூடாது. முதலில் சிப்பில் இப்போது இருப்பதைப் படித்து ஒரு கோப்பாகச் சேமியுங்கள். மறுபடி ஒரு முறை படித்து இன்னொரு கோப்பாகச் சேமியுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. பிடிக்காத கிளிப் வழியாக எழுதியதை நம்ப முடியாது. ஒன்றாக இருந்தால் அந்தக் கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டு, அழித்து, எழுதி, எழுதியதைச் சரிபார்க்க வேண்டும். இதற்கு ஃபிளாஷ்ராம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது; லினக்ஸில் நன்றாக வேலை செய்யும்.

சில போர்டுகளில் கிளிப் மாட்டினாலும் சிப் தெரியவே தெரியாது. புரோகிராமர் கொடுக்கும் சிறிதளவு மின்சாரம் சிப்பைத் தாண்டிப் போர்டின் மற்றப் பகுதிகளுக்கு ஓடிவிடுவதே காரணம். அந்தப் பையனின் போர்டிலும் அப்படித்தான் ஆனது. சூடான காற்று ஊதும் கருவியால் சிப்பை எடுத்து, தனியாக எழுதி, மறுபடி பற்றவைத்தேன். இதை வீட்டில் செய்ய முயலாதீர்கள். சிப்பின் கால் ஒட்டியிருக்கும் செப்புத் தளம் போர்டிலிருந்து பெயர்ந்து வந்துவிட்டால் அது வேறு பெரிய வேலையாகிவிடும். கைப்பேசி பழுது பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இதைவிட நுணுக்கமான சிப்புகளை அவர்கள் அன்றாடம் எடுத்து வைக்கிறார்கள். கால்களே இல்லாமல் அடியில் மட்டும் தொடுபுள்ளி உள்ள சிப்பானால் கிளிப் பயன்படாது. அதற்கும் அவர்களிடம்தான் போக வேண்டும்.

எழுத வேண்டிய கோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தயாரித்த கம்பெனியின் இணையதளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். போர்டின் ஓரத்தில் திருத்த எண் அச்சிட்டிருக்கும். ஒரே பெயருள்ள போர்டுக்கு 1.0 என்றும் 2.0 என்றும் இருந்தால் அவை இரண்டு வேறு போர்டுகள். இங்கே இணையம் நடுவில் அறுந்து பாதிக் கோப்பு இறங்குவது வழக்கம். கம்பெனி கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஏசஸ் கோப்புகள் சிலவற்றின் தொடக்கத்தில் 2048 பைட் தலைப்பு இருக்கும்; அதை நீக்கினால்தான் கோப்பின் அளவு சிப்பின் அளவோடு பொருந்தும்.

மடிக்கணினியில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். கோயிலில் மாலை வேளையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஒருவரின் மடிக்கணினி இதே போல் நின்றுபோனது. பாடங்கள், பயிற்சித் தாள்கள், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எல்லாம் அதில்தான். போர்டு போய்விட்டது என்று கேட்டதும் பாடங்களும் போய்விட்டன என்று அழுதுவிட்டார். பயாஸ் அழிந்தால் டிஸ்கில் இருப்பது அழியாது. டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கோப்புகள் அப்படியே இருக்கும். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் அந்த இரவைத் தூங்கிக் கழித்திருப்பார். ஒன்று மட்டும் விதிவிலக்கு: பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பாதுகாப்பு வசதியால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவி இல்லாமல் திறக்காது. பயாஸ் சிப்பை மறுபடி எழுதும்போது கணினிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சாவியும் பெரும்பாலும் போய்விடும் என்பதால், பயாஸைத் தொடுவதற்கு முன்பே அந்த 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

இன்டெல் மடிக்கணினிகளின் சிப்பில் பயாஸ் மட்டும் இருப்பதில்லை. சிப்பின் பகுதிகளைப் பிரித்துக் காட்டும் அட்டவணை, மேலாண்மை எஞ்சின் என்ற தனி ஃபர்ம்வேர் (சிப்புக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்), கணினியின் வரிசை எண், பலவற்றில் விண்டோஸ் உரிம எண் எல்லாம் அதே சிப்பில்தான் இருக்கின்றன. கம்பெனி தரும் கோப்பில் பல நேரம் பயாஸ் பகுதி மட்டுமே இருக்கும். அதை அப்படியே சிப் முழுவதும் எழுதினால் மற்றவை அழிந்துவிடும். முதலில் படித்துச் சேமிக்கச் சொன்னேனே, அதன் பயன் இங்கேதான்: பழைய கோப்பில் பயாஸ் பகுதியை மட்டும் மாற்றி, மற்றதை உள்ளபடி வைத்து எழுத வேண்டும். அந்த ஆசிரியையின் மடிக்கணினியை அப்படித்தான் மீட்டோம். வரிசை எண்ணும் உரிமமும் பழையபடியே இருந்தன.

இவ்வளவையும் எழுதுவதற்கு, என் மனத்தில் ஆறாத கோபம் ஒன்றும் காரணம். நான் முன்பு பழுது பார்த்துக் கொடுத்த கணினி ஒன்றை அதன் சொந்தக்காரர் வேறொரு கடைக்குக் கொண்டுபோயிருந்தார். பயாஸ் புதுப்பிக்கும்போது நின்றுபோனது என்று அவரே சொல்லியிருக்கிறார். போர்டு செத்துவிட்டது என்று சொல்லிப் புதியதை விற்றார்கள். பழையதை "இனி எதற்கும் உதவாது" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். சில நாட்கள் கழித்து அதே போர்டு, நான் ஒட்டியிருந்த சிறு அடையாளச் சீட்டோடு, கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வேலை செய்கிற போர்டு, உத்தரவாதமும் கொடுத்தார்கள். கடையின் பெயரைச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த மனிதர் பேச்சின்றிப் பணம் கொடுத்ததற்குக் காரணம், போர்டு போனால் போனதுதான் என்று அவரும் எங்கோ படித்திருந்தது. உங்கள் கட்டுரையின் அந்த வாக்கியம் எனக்கு ஏன் அவ்வளவு உறுத்தியது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும் என்று நம்புகிறேன்.

மதர்போர்டு தயாரிப்பவர்களிடமும் எனக்குக் கேட்க உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். அந்த மீட்புப் பொத்தானைப் பெரும்பாலும் விலை உயர்ந்த போர்டுகளில் மட்டும் வைப்பது நியாயமல்ல. நல்ல மின்சாரமும் நல்ல யூபிஎஸ்ஸும் உள்ளவர்கள்தான் பெரும்பாலும் உயர்ந்த விலைப் போர்டை வாங்குகிறார்கள். மலிவான போர்டை வாங்குபவன் வீட்டில்தான் மின்சாரம் அடிக்கடி போகிறது. அவனுக்குத்தான் அந்தப் பொத்தான் தேவை. அதைப் போட முடியாது என்றால், சிப்பையாவது மறுபடி சாக்கெட்டில் வைக்கட்டும். மடிக்கணினி நிறுவனங்கள் சிப் முழுவதற்குமான கோப்பைப் பழுது பார்ப்பவர்களுக்குத் தர மறுப்பதையும் நிறுத்த வேண்டும். எங்களைப் போன்றவர்கள் யார் யாரிடமோ கெஞ்சி, எந்தக் கணினியிலிருந்து எடுத்தது என்றே தெரியாத கோப்பை வாங்கிப் போடும்படி ஆகிறது.

அதே கட்டுரையில் "பயாஸை எப்போதும் புதியதாக வைத்திருங்கள்" என்ற அறிவுரையும் இருந்தது. அதிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. காரணம் இருந்தால் புதுப்பியுங்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்களில் பல, மிகை வோல்ட்டால் நிலைகுலைந்தன. அதற்கான திருத்தம் 2024 ஆகஸ்டு முதல் பயாஸ் வழியாகத்தான் வந்தது. அந்தப் பிராசசர் வைத்திருப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாது. புதிய பிராசசர் போடுபவர்களுக்கும், பாதுகாப்புத் துளை அடைக்க வேண்டியவர்களுக்கும் அப்படியே. எந்தக் குறையும் இல்லாமல் ஓடும் பழைய கணினியை, புதிய எண் வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் மின்தடையுள்ள வீட்டில் தொட வேண்டியதில்லை.

ஆசிரியர் அவர்களே, அந்த வாக்கியத்தைத் திருத்தி ஒரு சிறு குறிப்பாவது வெளியிட வேண்டுகிறேன். கட்டுரை எழுதியவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. மற்றப் பகுதிகளைக் கவனமாகவே எழுதியிருந்தார். திருத்தத்தைத் தாமதிக்க வேண்டாம் என்று கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டுமே அனுமதிக்கும், விண்டோஸ் கணினிகளின் செக்யூர் பூட் பாதுகாப்புக்கு மைக்ரோசாஃப்ட் 2011-இல் வழங்கிய சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடியத் தொடங்குகிறது. புதிய சான்றிதழ்களை ஏற்பதற்காகப் பழைய கணினிகள் பலவற்றுக்குக் கம்பெனிகள் பயாஸ் புதுப்பிப்பு வெளியிட்டு வருகின்றன. இதுவரை பயாஸ் பக்கமே போகாதவர்களும் இதனால் அதைத் தொடுவார்கள். அவர்களில் சிலருக்கு நடுவில் மின்சாரம் போகும். அப்படிப் போனவர் உங்கள் நாளிதழைத் தேடிப் படித்தால், எந்தப் பொத்தானை அழுத்துவது, எந்தச் சிப்பைப் பார்ப்பது, யாரிடம் கொண்டுபோவது என்ற விவரம் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்க்கும் வாசகி ஒருவர்,
ரங்கூன், மியான்மர்.